அரக்கனை எளிதாக்குவது அன்பாகுமா?

மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தை அடுத்த குன்றில் மகிடாசுரமர்த்தினி குடைவரை உள்ளது. அதன் வடபுறச் சுவரில் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி ஒரு போரைச் செதுக்கியிருக்கிறார். ஒருபுறம், சிங்கத்தின்மேல் எட்டுக் கரங்களுடன் அமர்ந்து வில்லை வளைக்கும் துர்க்கை. அவளைச் சுற்றிப் பூதகணங்கள். மறுபுறம், மனித உடலும் எருமைத் தலையும் கொண்ட மகிடன். அவன் தலைக்கு மேலே அரசர்க்குரிய குடை. இரு கைகளிலும் பற்றிய பருத்த கதாயுதம். உடல் பின்னோக்கிச் சாய்கிறது; ஆயினும் ஆயுதம் கைநழுவவில்லை. அதே ஊரில், திரௌபதி ரதத்தின் புறச்சுவரில் உள்ள துர்க்கையோ எருமைத் தலையின்மேல் அமைதியாக நிற்கிறாள். அங்கே போர் முடிந்துவிட்டது. குடைவரையில் அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பார்ப்பவரின் கால்கள் அந்தச் சுவரின் முன் தாமாகவே நின்றுவிடுவதற்கு அதுவே காரணம்.

எதிரியைச் சிறுமைப்படுத்தினால் வென்றவளின் பெருமையும் சிறுத்துப்போகும் என்பதைச் சிற்பி அறிந்திருந்தார். அந்த உண்மையை எனக்குக் கற்பித்தது ஒரு விளையாட்டு. அதில் நான் செய்த ஒரு பிழை.

கட்டியங்காரனும் பகடையும்

செங்கல்பட்டில் என் அக்கா வீட்டு மொட்டை மாடியில், ஞாயிறு மாலைகளில் ஐந்து சிறுவர் சிறுமியர் கூடுவார்கள். என் அக்கா மகனும் அவனுடைய வகுப்புத் தோழர் நால்வரும். அவர்களுக்கு நான் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டை நடத்திவருகிறேன். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் உருவாக்கி வெளியிட்ட ஆட்டம் அது. திரையோ மின்கருவியோ தேவையில்லை. தாள், பென்சில், சில பகடைகள் போதும். ஆடுவோர் ஒவ்வொருவரும் போர்வீரன், மந்திரவாதி, வைத்தியர் என ஒரு பாத்திரத்தை ஏற்பர். ஒருவர் மட்டும் நடத்துநர். இடத்தை விவரிப்பதும், எதிரே வருவோர் அனைவருக்காகவும் பேசுவதும், அரக்கர்களை இயக்குவதும் அவர் பொறுப்பு.

தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பாத்திரங்களை அறிமுகப்படுத்தி, அவர்களைக் கேள்வி கேட்டு, தேவையானபோது தானே சிறு வேடங்களையும் ஏற்கும் கட்டியங்காரனைப் போன்றவர் நடத்துநர். வேறுபாடு ஒன்று உண்டு. கூத்தில் கீசகன் கொல்லப்படுவான் என்பது ஊரறிந்தது. இங்கே முடிவு எவருக்கும் தெரியாது. ஆடுவோரின் முடிவுகளும் இருபது முகப் பகடையும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கும்.

விதிநூலில் ஓர் அரக்கன் என்பவன் சில எண்களின் தொகுப்பு. எடுத்துக்காட்டாக, 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ‘ஓகர்’ என்னும் முரட்டு அரக்கனின் உயிர்ப்புள்ளி 59. கவச எண் 11. அவன் தடியின் ஓர் அடி சராசரியாக 13 புள்ளிகளைப் பறிக்கும். புதிதாக ஆடத் தொடங்குபவரின் பாத்திரத்தைப் பெரும்பாலும் ஒரே அடியில் சாய்க்க அது போதும். இந்த எண்களை அப்படியே எடுத்தாளலாம். தன் மேசையில் அமர்ந்திருப்போருக்கு ஏற்ப மாற்றியும் அமைக்கலாம். இந்த மாற்றியமைப்பில்தான் நடத்துநரின் கலை இருக்கிறது. என் பிழையும் இங்கேதான் நேர்ந்தது.

நாற்பத்தொன்றில் விழுந்த அரக்கன்

என் அக்கா மகன் ஒரு விபத்தில் கால் முறிந்து நான்கு மாதம் பள்ளி செல்லாமல் வீட்டில் கிடந்தான். மீண்டும் மாடிப்படி ஏறி வந்த முதல் ஞாயிறன்று அவன் முகத்தில் சிரிப்பைப் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே என் எண்ணமாக இருந்தது. ஆட்டத்தில் ஓர் ஓகர் வந்தான். அவனுடைய போர்வீரன் வாளை வீசிய ஒரு தருணத்தில், அரக்கன் வீழ்ந்ததாக அறிவித்தேன். உண்மையில் அவனுக்கு இன்னும் உயிர்ப்புள்ளிகள் எஞ்சியிருந்தன. மற்ற நால்வரும் ஆர்ப்பரித்தார்கள். அவன் மட்டும் தன் குறிப்பேட்டில் எதையோ கூட்டிக்கொண்டிருந்தான்.

எல்லோரும் சென்ற பிறகு கேட்டான்: “மாமா, ஓகருக்கு 59ன்னு முன்னாடி ஒருதரம் நீங்கதானே சொன்னீங்க. இன்னிக்கு நாங்க குடுத்த அடி எல்லாம் சேத்து 41தான். எனக்காக விட்டுக் குடுத்தீங்களா?”

நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வாக்கியம் வந்தது: “கேரம்லயும் எல்லாரும் விட்டுக் குடுக்கறாங்க. இங்கயுமா?”

நான்கு மாதங்களாக அன்பின் பெயரால் அவனைச் சுற்றியிருந்தோர் அனைவரும் அவனிடமிருந்து ஒன்றைப் பறித்துக்கொண்டிருந்தோம். அவனால் இயலும் என்று நம்பும் ஓர் எதிரியை அவனுக்கு யாரும் தரவில்லை. அன்றிரவு விதிநூலையும் என் குறிப்புகளையும் எடுத்துவைத்துக்கொண்டு, ஓர் எதிரியை நேர்மையாக வடிவமைப்பது எப்படி என்று முதலிலிருந்து யோசித்தேன். அந்த யோசனையின் சாரத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

எண்ணைக் கூட்டினால் போதுமா?

எதிரியை வலியவனாக்க வேண்டுமென்றால் எவருக்கும் முதலில் தோன்றுவது உயிர்ப்புள்ளியைக் கூட்டுவது. கணக்கு வேறு சொல்கிறது. தாக்குபவர் பகடையில் விழும் எண்ணோடு தம் திறன் எண்ணைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை எதிரியின் கவச எண்ணைத் தொட்டால் அடி படும். திறன் எண் 5 என்று கொள்வோம். கவச எண் 11 எனில் பகடையில் 6 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இருபது முகங்களில் 15 முகங்கள் சாதகம். அதாவது 75 விழுக்காடு. ஓர் அடி சராசரியாக 8 புள்ளி பறிக்கும் என்றால், ஐவர் சேர்ந்து ஒரு சுற்றில் ஏறத்தாழ 30 புள்ளிகளைப் பறிப்பர். 59 புள்ளி உள்ள ஓகர் இரண்டு சுற்றில் வீழ்வான். உயிர்ப்புள்ளியை 118 ஆக்கினால் நான்கு சுற்று ஆகும். ஆனால், அந்த நான்கு சுற்றிலும் நடப்பது ஒன்றேதான்: பகடையை உருட்டு, அடி, மீண்டும் உருட்டு. ஆட்டம் நீளுமே தவிர, ஆடுவோர் புதிதாக எதையும் சிந்திக்க வேண்டியிராது. நம் பள்ளிகளில் வீட்டுப்பாடத்தின் பக்கங்களைக் கூட்டுவதைக் கடினமான பாடம் என்று எண்ணுகிறோமே, அந்த மயக்கம்தான் இது.

இரண்டாவது சிக்கல், முறைகளின் எண்ணிக்கை. ஐவர் ஐந்து முறை செயல்படும் நேரத்தில் தனித்த அரக்கன் ஒரே முறைதான் செயல்படுகிறான். எத்தனை பெரிய உருவமாயினும் இந்தச் சமனின்மையில் சிக்கிச் சாய்ந்துவிடும். இதை உணர்ந்தே ஐந்தாம் பதிப்பின் ஆசிரியர்கள் முதிய டிராகன் போன்ற பேருருக்களுக்கு, மற்றவர் முறை முடியும்போதெல்லாம் இடையில் புகுந்து செயல்படும் சிறப்பு வாய்ப்புகளைத் தந்தார்கள். இன்னும் எளிய வழி, துணைக்கு ஆள் தருவது. மாமல்லபுரச் சுவரில் மகிடன் தனியாக நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவனைச் சுற்றிலும் அவன் படையினர் இருக்கிறார்கள்.

வரமும் அதன் விளிம்பும்

நம் புராணங்களின் அசுரர்களை வெறும் பலசாலிகள் என்று கருதினால் அவர்களைப் படைத்தவர்களின் நுட்பத்தைத் தவறவிடுவோம். அவர்களில் பலர் நிபந்தனைகளால் ஆனவர்கள். இரணியனுக்கு மனிதனாலோ விலங்காலோ, பகலிலோ இரவிலோ, வீட்டின் உள்ளேயோ வெளியேயோ சாவில்லை. வரம் எங்கே முடிகிறதோ, அந்த விளிம்பிலேயே அதற்கான விடை இருக்கிறது: அந்திப் பொழுது, வாயிற்படி, நரசிங்கம். இரத்தபீசனின் குருதி ஒவ்வொரு துளி நிலத்தில் விழும்போதும் புதியதோர் அசுரன் எழுகிறான். ஆகவே, அவனை மேலும் மேலும் வெட்டுவது தோல்விக்கே வழி. துளி நிலத்தைத் தொடாமல் காப்பதே வெற்றிக்கு வழி. தேவி மாகாத்மியத்தில் மகிடன் எருமை, சிங்கம், வாளேந்திய மனிதன், யானை என மாறி மீண்டும் எருமையாகிறான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எதிராளி தன் முறையை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அமெரிக்க விதிநூலிலும் இந்த உத்தி உண்டு. ‘டிரால்’ என்னும் அரக்கனின் காயங்கள் தாமாகவே ஆறும். நெருப்போ அமிலமோ பட்டால் மட்டும் அப்போதைக்கு ஆறாது. நம் இராட்சதர்களும் புலித்தலையோடும் புறம் திரும்பிய உள்ளங்கைகளோடும் அந்த நூலில் இடம்பெற்றுள்ளனர். இங்கே ஒரு நெறியை மறக்கலாகாது. பலவீனம் ஒன்றை வைத்தால், அதற்கான தடயத்தையும் முன்கூட்டியே ஆடுவோர் கண்ணில் படுமாறு வைக்க வேண்டும். தடயமில்லாத புதிர், புதிர் போட்டவரின் ஆணவமாக முடிந்துவிடும்.

களம், நோக்கம், தோற்றம்

முருகன் அசுரரோடு கடலில் திருச்செந்தூரிலும், நிலத்தில் திருப்பரங்குன்றத்திலும், விண்ணில் திருப்போரூரிலும் பொருதான் என்பது தலவரலாறு. இவற்றுள் திருப்போரூர் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. களம் மாறினால் போரும் மாறும் என்னும் பாடம் அந்த மூன்று ஊர்ப் பெயர்களிலேயே அடங்கியிருக்கிறது. ‘டிராகன்’ என்னும் அமெரிக்க இதழில் 1987இல் அதன் ஆசிரியர் ரோஜர் மூர் எழுதிய ஒரு குறிப்பு இன்றும் நடத்துநர்களிடையே பேசப்படுகிறது. விளையாட்டிலேயே மிக எளிய எதிரிகளான ‘கோபால்டு’கள், குறுகிய சுரங்கப் பாதைகளையும் நெருப்பையும் மறைவிடங்களையும் பயன்படுத்தி, பெருவீரர்களை ஓட ஓட விரட்டிய கதை அது. அந்தச் சிற்றுருவங்களின் எண்கள் எதுவும் மாற்றப்படவில்லை. அவற்றுக்கு அறிவும் இடமும் தரப்பட்டன, அவ்வளவே.

அடுத்தது நோக்கம். ஓர் எதிரி எதற்காகப் போரிடுகிறான்? உணவுக்காகவா, குட்டிகளைக் காக்கவா, பழிதீர்க்கவா? நோக்கமுள்ள எதிரி காயம்பட்டால் பின்வாங்குவான், பேரம் பேசுவான், பொறி வைப்பான். சாகும்வரை அடித்துக்கொண்டே நிற்பவன் வெறும் இயந்திரம். அவன் பறிக்கக்கூடியதும் உயிர் மட்டும்தான் என்றில்லை. ஹாங்காங்கில் செய்யப்பட்ட மலிவான பிளாஸ்டிக் பொம்மைகள் சிலவற்றைக் கைகாக்ஸ் வாங்கிவந்து, அவற்றின் விசித்திர உருவங்களிலிருந்து புதிய அரக்கர்களை உருவாக்கினார். அவற்றுள் ஒன்று இரும்பைத் துருவாக்கித் தின்னும் பூதம். அது ஆளைக் கொல்ல முனைவதில்லை. ஆனால், கவசமணிந்த பெருவீரன் அதைக் கண்டதும் ஓட்டமெடுப்பான். மற்றவர்கள் அஞ்சாத ஒன்றுக்கு அவன் அஞ்சுகிறான். எதிரியை ஆளுக்கேற்ப அமைப்பது என்பதன் பொருள் இதுதான்.

ஒரு பொம்மை அரக்கனாக முடியுமானால், எண்களை வைத்துக்கொண்டு தோற்றத்தை மட்டும் மாற்றுவதும் முடியும். ஐரோப்பியக் காட்டில் வாழும் ஓகரை நம் கடற்கரைக்கு ஏன் கொண்டுவரக் கூடாது?

சதுரங்கப்பட்டினத்துச் சேற்றரக்கன்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் கடலைப் பார்த்தபடி ஒல்லாந்தர் கோட்டை ஒன்று சிதைந்து நிற்கிறது. சிறுவர்கள் ஐவரும் அதைப் பள்ளிச் சுற்றுலாவில் கண்டிருக்கிறார்கள். அதையே களமாக்கினேன். ஓகரின் 59 உயிர்ப்புள்ளியைக் குறைக்கவில்லை. அவனை உப்பங்கழிச் சேற்றை உடலெங்கும் பூசிய அரக்கனாக்கினேன். சேறு காய்ந்திருக்கும்போது அதுவே அவன் கவசம். கவச எண் 16. நனைந்து கரைந்தால் பழையபடி 11. முன்சொன்ன கணக்கின்படி, காய்ந்த நிலையில் அடி படும் வாய்ப்பு 50 விழுக்காடு, நனைந்தால் 75. அவன் கோட்டையை விட்டு வெளியேற விரும்பாததற்கும் காரணம் வைத்தேன்: உள்ளே அவன் பதுக்கிய உணவு இருந்தது. தடயங்கள் இரண்டு. வாயிலில் வெடித்து உதிர்ந்த களிமண் ஓடுகள். மழைநாளில் மட்டும் அந்தப் பூதம் வெளியே தலைகாட்டுவதில்லை என்று சொல்லும் வலைஞர் கிழவர் ஒருவர்.

ஆட்டம் தொடங்குமுன் என் அக்கா மகனிடம் சொன்னேன்: “இனிமே பகடையை எல்லார் முன்னாடியும்தான் உருட்டுவேன். விட்டுக் குடுக்க மாட்டேன்.” அவன் தலையசைத்தான்.

முதல் ஞாயிறு தோற்றார்கள். கோட்டைக்குள் வைத்தே அரக்கனைத் தாக்கினார்கள். வாள்களில் பாதி களிமண்ணில் பட்டுத் தெறித்தன. இரண்டு பாத்திரங்கள் மயங்கி விழ, மற்றவர்கள் அவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்று மாடியிலிருந்து எவரும் சிரித்துக்கொண்டு இறங்கவில்லை. மீண்டும் தவறு செய்துவிட்டேனோ என்ற அச்சத்துடன் அந்த வாரத்தைக் கழித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அவன் மீண்டும் வராமலே போயிருக்கலாம்.

அடுத்த ஞாயிறு அவன்தான் முதலில் வந்தான். குறிப்பேட்டில் கோட்டையின் வரைபடம் இருந்தது. களிமண் ஓடுகள் என்ற சொற்களின் கீழ் இரண்டு கோடுகள் இருந்தன. வலைஞர் கிழவரிடம் கடல் ஏறும் நேரத்தைக் கேட்டறிந்தார்கள். பதுக்கிய உணவைத் திருடி, அரக்கனை வெளியே இழுத்து, அலை ஏறும் மணலில் நிறுத்தினார்கள். சேறு கரைந்தது. கடைசி அடி அவனுடையதல்ல, ஒரு சிறுமியின் அம்பு. அதைப் பற்றி அவன் கவலைப்படவில்லை. கூட்டிப் பார்த்து, 62 என்று எழுதி வட்டமிட்டு, தாளை என் பக்கம் திருப்பினான். ஒரு சொல்லும் பேசவில்லை.

எப்போது மாற்றலாம்?

என் முடிவை ஏற்காத நடத்துநர்கள் பலர் உண்டு. அவர்களின் வாதத்தில் நியாயமும் உண்டு. பகடையைத் திரைக்குப் பின்னே உருட்ட விதிநூலே இடம் தருகிறது. எதிரியின் வலிமையை நடத்துநரே தவறாகக் கணித்திருந்தால், அந்தத் தவறுக்கு ஆடுவோர் ஏன் பலியாக வேண்டும் என்று கேட்கிறார்கள். சரியான கேள்வி. என் விடை இதுதான்: ஆட்டத்துக்கு முன் எதை வேண்டுமானாலும் மாற்றலாம், அது வடிவமைப்பு. ஆட்டத்தின் நடுவே தவறு தெரிந்தால், கதைக்குள்ளேயே வழி திறக்கலாம். அரக்கன் பின்வாங்கலாம், சிறைபிடிக்கலாம், நிபந்தனை விதிக்கலாம். இவை ஆடுவோர் கண்ணெதிரே நடப்பவை. அவர்கள் அவற்றுக்கு மறுவினை ஆற்ற முடியும். கணக்கை மறைவாகத் திருத்துவது மட்டும் அவர்களுக்குத் தெரியாமல் அவர்களின் வெற்றியைச் செல்லாக்காசாக்குகிறது. தெரியவந்தால், அதற்கு முன் பெற்ற வெற்றிகளையும் ஐயத்துக்குள்ளாக்குகிறது.

2022 சூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை, இதே மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ ஒரே புள்ளி பெற்ற அணிகளை எதிரெதிரே அமர்த்துவது அந்தப் போட்டியின் முறை. வெல்பவருக்கு அடுத்த சுற்றில் இன்னும் வலிய எதிரி. தோற்பவருக்குத் தம் நிலைக்கு ஏற்ற எதிரி. அங்கே 16 வயதுச் சென்னைச் சிறுவன் குகேஷ் தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்றார். எட்டாவதில் அவர் வீழ்த்தியது அமெரிக்காவின் ஃபேபியானோ கருவானாவை. வயதைக் கருதி எவரும் அவருக்கு ஒரு காயையும் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால்தான் அந்த எட்டு வெற்றிகளும் அவருடையவை.

பிள்ளைகளின் முன் எதிரியை நிறுத்தும் பொறுப்பு விளையாட்டு நடத்துநர்களுக்கு மட்டும் உரியதன்று. வினாத்தாள் அமைக்கும் ஆசிரியருக்கும், சைக்கிளைப் பின்னாலிருந்து பிடித்திருக்கும் தந்தைக்கும், நோயிலிருந்து மீண்டவரிடம் வேலையைத் திரும்ப ஒப்படைக்கும் மேலாளருக்கும் அது உண்டு. தாங்க முடியாததை முன்னே வைப்பது கொடுமை. ஒன்றுமில்லாததை முன்னே வைத்து வென்றுவிட்டாய் என்று கைதட்டுவதும் ஒருவகைக் கொடுமையே. இரண்டுக்கும் இடையில் ஒருவரின் ஆற்றலை அளந்து, அதற்குச் சற்று மேலே எதிரியை நிறுத்தி, வழியில் தடயங்களையும் வைத்துவிட்டு, நேர்மையாகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

அண்மையில் என் அக்கா மகனை மாமல்லபுரக் குடைவரைக்கு அழைத்துச் சென்றேன். மகிடனை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: “மாமா, இவன் இன்னும் கதையைக் கீழ போடல பாத்தீங்களா?”